மஞ்சள் ஏறிய கை

1943 ஜனவரிக் கடைசியில், மலாயாவின் கேரி தீவில், மேற்குக் கரையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மருந்தான கொய்னா தீர்ந்துபோனது. பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து காய்ச்சல்காரர்களுக்கு மஞ்சள் நிற மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி என்பது பலகையும் தகரமுமாக ஒரே அறை. அதைப் பார்த்துக்கொண்டவர் டிரசர் வேலாயுதம். டாக்டருக்குக் கீழே இருந்து கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் கோலாலம்பூரில் பயின்றவர். வெள்ளைக்கார டாக்டரை ஜப்பானியர் சிறையில் அடைத்தபின் தோட்டத்துக்கு டாக்டரும் அவரே. மாத்திரை சண்டைக்கு முந்திய சரக்கு. நாக்கில் பட்டால் வேப்பெண்ணெய் பரவாயில்லை என்று தோன்றும்.

தீவுக்குக் காய்ச்சல் புதிதல்ல. முன்பெல்லாம் வாய்க்கால்களில் எண்ணெய் தெளிக்கத் தனியாக ஆட்கள் இருந்தார்கள். கடல்நீர் ஏறாமல் மண்கரையைப் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருந்தார்கள். ஜப்பானியர் இந்த ஆட்களையெல்லாம் மரவள்ளி நட அனுப்பினார்கள். கரை உடைந்த இடங்களில் உப்புநீர் தேங்கி, கொசு பெருகியது. லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், ஆளுக்கொரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள்.

நடுங்கியவர்களில் வீரம்மாவும் ஒருத்தி. வயது முப்பத்தைந்து இருக்கும். பிள்ளை இல்லை. புருஷன் அய்யாவு முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டினான். இப்போது மரவள்ளிக் காட்டில் மண் கொத்தினான். வீரம்மாவும் நல்ல பால்வெட்டுக்காரியாக இருந்தவள்தான். நான்கு வருஷமாகக் கையில் வாதம். மணிக்கட்டும் விரல் முட்டிகளும் வீங்கிச் சூடாக இருக்கும். காலையில் எழும்போது இரண்டு கையும் மூடிக்கிடக்கும். வெயில் ரப்பர் மரங்களின் தலைக்கு மேல் ஏறினால்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். கத்தி வழுக்கி மரப்பட்டையைக் காயப்படுத்துகிறாள் என்று சண்டைக்கு முன்பே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதனால் விடியலில் அடுப்பு மூட்டுவது, தண்ணீர் எடுப்பது, அவள் முகத்தைத் துடைத்துவிடுவது, தலை வாரிக் கொண்டை போடுவது எல்லாம் அய்யாவுவின் வேலை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மாரியாயிக்குத் தினமும் இது ஒரு வேடிக்கை.

"ஏன்டா அய்யாவு, என்னா கொண்டடா இது? மரத்துல காஞ்ச ஒட்டுப்பால உருட்டி வச்ச மாதிரி இருக்கு."

"ஒட்டுப்பாலுக்காச்சும் ஒரு காலத்துல வெல இருந்துச்சுக்கா. ஒங்க கொண்டைக்கு அதுவும் இல்ல லா."

"கட்டையில போறவனே! வீரம்மா, இவன் வாய நீ எப்பிடித்தான் சகிக்கிறியோ."

"வாய விடுங்கக்கா," என்பாள் வீரம்மா. "சீப்பு தலையில குத்துது. அதத்தான் சகிக்க முடியல."

காய்ச்சல் மாத்திரையில் விட்டது, பத்து நாளில் திரும்பி வந்தது. வேலாயுதம் வீரம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். மண்ணீரலை அழுத்திப் பார்த்தார். "ஒனக்கு இது விட்டு விட்டு வரும்மா. மழக்காலம் முடியிற வரைக்கும் தெனம் ஒண்ணு முழுங்கு. நிறுத்தாத" என்றார்.

அவள் நிறுத்தவில்லை.

ஏப்ரலில் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். யாரை அனுப்புவது என்பதைச் சின்னையா கங்காணியின் தலையில் கட்டினார்கள். அவர் பெரட்டுக் களத்தில், விடிவதற்குள் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் அதே இடத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டார். பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர்கள். மாரியாயியின் ஒரே மகன் அதில் போனான். கல்யாணம் ஆனவன் ஒருவனும் போனான். அவன் மனைவிக்குக் கால் விளங்காது. அவன் போன மாதமே அவள் லயத்துக்குள் தனியாகச் செத்துக் கிடந்தாள். கதவை உடைத்துத் திறந்தவர் சின்னையாதான். அன்றிலிருந்து, பெண்சாதி முடங்கிக்கிடக்கும் வீட்டிலிருந்து ஆள் எடுப்பதில்லை என்று அவராகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டத்துக்குள் அய்யாவு இருந்தான்.

மே மாதத்தில் ஒரு காலை, அய்யாவு அடுப்பில் கிழங்கை வைத்துவிட்டுச் சீப்போடு வந்தபோது வீரம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, வெயிலு வந்துருச்சா?"

"இன்னும் இருட்டாத்தான் இருக்கு. ஏன்?"

"கை தொறந்திருக்கு."

அவன் பக்கத்தில் குந்தி ஒவ்வொரு விரலாக நீட்டிப் பார்த்தான். நீண்டன. முட்டிகளில் சூடு இல்லை. ஒரு நாள் அதிர்ஷ்டம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மறுநாளும் திறந்திருந்தது. ஜூனில் அவள் தானே தலை வாரினாள், முறத்தைப் பிடித்தாள், விளக்குமாற்றைப் பிடித்தாள்.

மாரியாயி விடவில்லை. "நொச்சித்தழ ஒத்தடம் குடுத்தது யாரு? நானு."

"பத்துமலைக்கு வேண்டிக்கிட்டது நானு," என்றான் அய்யாவு. "சண்ட முடிஞ்சதும் காவடி எடுக்கிறேன்னு."

"சரி, முருகனுக்குப் பாதி, எனக்குப் பாதி. அதுக்கு மேல வுட்டுக் குடுக்க மாட்டேன்."

மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது காய்ச்சலுக்கு.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் சின்னையா லயத்துப் பக்கம் வந்தார். வீரம்மா வாசலில் உட்கார்ந்து மரவள்ளி திருவிக்கொண்டிருந்தாள். ஆணியால் துளை போட்ட பிஸ்கட் தகரம்தான் திருவி. மாவு முறத்தில் வெள்ளையாகக் குவிந்திருந்தது. சின்னையா நின்று பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, கை வந்துருச்சா ஆத்தா? எத்தன வருசமாச்சு நீ ஒரு வேல செஞ்சு பாத்து!"

"வந்துருச்சு அண்ணே. பாருங்க." அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

அவர் பார்த்தார். பிறகு லயத்தின் இரண்டு கோடியையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எதுக்கு வெளியில ஒக்காந்து திருவுற? ஆள் எடுக்க வர்றவன் கண்ணுல படப்போவுது, உள்ள போயித் திருவு."

சொல்லிவிட்டு நிற்காமல் போனார். சாயங்காலம் வீரம்மா சொன்னதைக் கேட்ட அய்யாவு, தின்றுகொண்டிருந்த கிழங்கைக் கீழே வைத்தான்.

அவர்கள் அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் மாரியாயி வேறொன்றைக் கண்டுபிடித்தாள். கிணற்றடியில் வீரம்மாவின் கையைப் பிடித்து வெயிலில் திருப்பினாள்.

"ஏன்டி, இது என்னா நெறம்?"

உள்ளங்கையும் நகக்கண்ணும் நன்றாக மஞ்சளேறி இருந்தன. கழுத்தும் அப்படியே. வீரம்மா மாநிறத்துக்காரி; கொஞ்ச நாளாகவே மஞ்சள் பூசிக் குளித்தவள் போல இருந்தாள். அந்தக் காலத்தில் மஞ்சளுக்கு எங்கே போவது?

"காமாலடி இது! வாதத்த எடுத்துக் காமாலைய வுட்டுட்டுப் போயிருக்கு. சோத்துப் பரீச்ச பாத்துருவம்."

சோற்றுப் பரீட்சை என்பது, நோயாளியின் மூத்திரத்தில் சோற்றுப் பருக்கையைப் போட்டு வைப்பது. பருக்கை மஞ்சளானால் காமாலை. பரீட்சை சரிதான், சோற்றுக்கு எங்கே போவது? லயமே கிழங்கில் ஓடியது. மாரியாயி மகன் வந்தால் பொங்கிப் போட என்று ஒரு தகரத்தில் அரைப்படி அரிசி மறைத்து வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வந்தாள்.

"அக்கா, வேணாம்க்கா. அது புள்ளைக்கு வச்சது."

"சும்மா கெட. அவன் வந்தா மிச்சத்தத் தின்னட்டும்."

பொங்கியதில் நாலு பருக்கை பரீட்சைக்குப் போனது. மற்றதை மூன்று பேரும் உப்பில்லாமல் தின்றார்கள். நாலு பருக்கையும் மஞ்சளாகிவிட்டன.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. ரப்பர் மரத்தடியில் கீழாநெல்லிக்குப் பஞ்சமில்லை. வேரோடு பிடுங்கி அரைத்து, மோர் கிடைக்காததால் தேங்காய்ப் பாலில் கலந்து, வெறும் வயிற்றில் கொடுத்தாள் மாரியாயி. பத்தியமும் சொன்னாள்.

"உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெ கூடாது."

"ஜப்பான்காரன் வந்ததுலேருந்து தீவே பத்தியத்துலதான இருக்கு," என்றான் அய்யாவு.

"வெளையாடாத. வேற மருந்தும் கூடாது. மருந்துக்கு மருந்து பக. அந்த டிரசர் மாத்திரய நிறுத்து."

காய்ச்சலும் அப்போது வருவதில்லை. நிறுத்தினார்கள்.

மஞ்சள் உடனே போகவில்லை. ஜூலை முழுக்க இருந்தது. மெல்ல மெல்லத்தான் வெளுத்தது. மாரியாயி தினமும் கிணற்றடியில் கையைத் திருப்பிப் பார்த்துத் தன்னையே மெச்சிக்கொண்டாள். ஆகஸ்டில் உள்ளங்கை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அதே வாரத்தில் ஒரு காலை முறம் வீரம்மாவின் கையிலிருந்து நழுவியது. அதற்கடுத்த வாரம் விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, சத்தமில்லாமல் அழுதாள். அய்யாவு சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் வீரம்மாதான். புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"மஞ்ச எறங்குச்சு, கையும் மூடிக்கிச்சு அய்யா. ரெண்டும் முன்ன பின்ன வந்துச்சு, முன்ன பின்னதான் போச்சு. அந்த மாத்திர கைக்கும் ஏதாச்சும் செய்யுமா?"

வேலாயுதம் காமாலைக் கதையை முழுதாகக் கேட்டார்.

"காமாலன்னா மொதல்ல கண்ணுதான் மஞ்சளாவும். கண்ண யாராச்சும் பாத்தீங்களா?"

"சோத்தப் பாத்தோம்," என்றான் அய்யாவு.

வேலாயுதம் சிரித்துவிட்டார். பிறகு மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுவே ஒரு சாயந்தான்யா. தின்னா தோலும் மஞ்சளாவும், மூத்திரமும் மஞ்சளாவும். ஒடம்புல தங்குற மருந்து. ஈரல்ல, தோல்ல போய் ஒக்காந்துக்கும். மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். அதான் நிறுத்தியும் ஒரு மாசம் நெறம் இருந்திருக்கு." அவர் வீரம்மாவின் முட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். "ஆனா கைக்குன்னு நான் எங்கயும் படிக்கல. காய்ச்சலுக்குன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப இது வேற என்னாங்கய்யா?" என்றாள் வீரம்மா.

"தெரியல. கோலாலம்பூர்ல இருந்தப்ப ஒரு பெரிய டாக்டர் சொல்வாரு, இந்த முட்டி நோய்க்குச் சீமையில தங்கத்த ஊசியாப் போடுறாங்கன்னு. போட்ட அன்னிக்கு ஒண்ணும் தெரியாதாம். ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் பிடிக்குமாம். ஒன் கை தொறந்ததும் அந்தக் கணக்குலதான் இருக்கு. இதுவும் அந்தச் சாதி மருந்தா இருக்கலாம்."

"நீங்க முன்ன வெள்ள மாத்திர குடுத்தீங்களே, வலிக்கு?" என்று அய்யாவு கேட்டான்.

"அது வலிய மறைக்கும். நீ காலையில தின்னா மத்தியானம் வரைக்கும். நோய் அது பாட்டுக்கு உள்ள எலும்ப அரிச்சுக்கிட்டுக் கெடக்கும். இது அந்த நோயையே அடக்கி வச்சிருக்கு போல." டப்பாவைத் திறந்தார். "ஆனா ஒண்ணு, அரிச்ச எலும்ப எந்த மருந்தும் திருப்பிக் குடுக்காது. இப்ப வீங்கித்தான் மூடியிருக்கு, அதனால தொறக்கும். இப்பிடியே வருசக்கணக்கா வுட்டா வெரல் வளைஞ்சே நின்னுரும். அப்பறம் டப்பாவோட முழுங்கினாலும் நிமிராது."

காய்ச்சல் குறைந்த மாதம் என்பதால் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வரும் வழியில் அய்யாவு அதை மடியில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அடுத்த ஆள் எடுப்பு எப்பங்க?"

"அதுக்கு என்னா இப்ப?"

"கங்காணி என்னா சொன்னாரு, சொல்லுங்க."

"மழைக்கு முன்னன்னு சொன்னாரு. இந்தத் தடவ ஜப்பான் டாக்டரும் வர்றானாம். வீடு வீடாப் பாப்பானாம்." அவன் மாத்திரையைப் பாயில் வைத்தான். "நீ முழுங்கு புள்ள. அவனுங்க வந்தா கைய மடக்கிக்க."

"கைய மடக்கலாம். வீக்கத்துக்கு எங்க போறது? சூட்டுக்கு எங்க போறது? மஞ்சளா வேற நிப்பேன்."

"ஒரு நாளக்கி நடிச்சா போதும்."

"தெனமும் நடிக்கணுமுங்க. பக்கத்துல மாரியாயி அக்கா இருக்கு. அது மவன் அங்க கெடக்கான். நான் நல்லாக் கைய வச்சுக்கிட்டு மடக்கிக் காட்டுனா அது மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" அவள் கையைப் பார்த்தாள். "அதோட, கை நல்லா இருந்தா சும்மா இருக்குமா? அதுவாப் போயி வெளக்கமாத்த எடுக்கும்."

அய்யாவு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் போனா போறேன் வீரு. மூணு மாசந்தான்னு சொல்றாங்க. நீ கையோட இருந்தீனா பொழச்சுக்குவ."

"மாரியாயி அக்கா மவனும் மூணு மாசத்துக்குத்தான் போனான்."

அவன் மாத்திரையை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான்.

"கைய வச்சுக்கிட்டு நான் யாருக்குச் சோறாக்குறது?" என்றாள் அவள். "பொட்டலத்தக் கட்டி வைங்க."

அவன் கட்டி வைத்தான். ஆனால் மறுநாள் காலைக் கஞ்சியில் ஒரு மாத்திரையைப் பொடித்துக் கலந்தான். மரவள்ளிக் கஞ்சி வெள்ளையாகத்தான் இருக்கும். இது எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அவன் எப்போதும் போல் சிரட்டைக் கரண்டியில் எடுத்து ஊட்டினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கசக்குது."

"கெழங்கு கசப்பா இருக்கும்."

"அப்பிடியா? நீங்க ஒரு வாய் குடிங்க."

குடித்தான். முகம் கோணியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டான்.

"இனிமே இப்பிடிப் பண்ணாதீங்க," என்றாள் வீரம்மா. மூடிய கையின் புறத்தால் அவன் தோளைத் தேய்த்தாள்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அவர்கள் வந்தார்கள். இரண்டு சிப்பாய்கள், கண்ணாடி போட்ட இளவயது ஜப்பானிய டாக்டர், மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர், பின்னால் சின்னையா. டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வீரம்மாவின் வலது கையைப் பிடித்தார். மணிக்கட்டை மடக்கினார். நடுவிரல் முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவள் கத்திவிட்டாள். டாக்டர் கையை மெதுவாகவே கீழே வைத்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"சமைக்கிறது யார்னு கேக்குறாரு," என்றார் சின்னையா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நாந்தான்," என்றான் அய்யாவு.

"தண்ணி எடுக்கிறது?"

"நாந்தான்."

டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்று தோட்டத்திலிருந்து போன லோரியில் அய்யாவு இல்லை.

சாயங்காலம் மாரியாயி வந்து வீரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. லோரியைப் பார்க்கத் துறைவரைக்கும் போய் வந்திருந்தாள்.

"மஞ்சள எறக்கிட்டேன். இந்தப் பாழாப்போன வாதத்த எறக்க முடியலியேடி."

"ஒங்க கீழாநெல்லிதாங்க்கா இந்த வீட்டக் காப்பாத்துச்சு," என்றாள் வீரம்மா.

"பின்ன? டிரசரு டிரசருன்னு ஓடுனீங்களே," என்றாள் மாரியாயி. குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்த வருஷமும் ஆள் எடுத்தார்கள். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொட்டலம் கூரைச் சட்டத்தில் தொங்கியது. அய்யாவு அவ்வப்போது அதைப் பார்ப்பான், ஒன்றும் சொல்ல மாட்டான். பிறகு லயத்தில் காய்ச்சல் அதிகமானபோது வீரம்மாவே அதை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். 1944 கடைசியில் வேலாயுதத்திடம் மாத்திரை அடியோடு தீர்ந்தது. அதற்குள் வீரம்மாவின் வலது கை வெயில் ஏறிய பிறகும் திறப்பதை நிறுத்தியிருந்தது.

1945 செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் வெள்ளைக்காரப் பட்டாளம் இறங்கியது. மகனைப் பற்றி விசாரிக்க மாரியாயி தோணியில் அக்கரை ஏறித் தெலுக் பங்லிமா காராங் ஊர் வரை நடந்து போனாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"வெள்ளக்காரன், பஞ்சாபி, எல்லா சிப்பாயும் மஞ்சளா நிக்கிறானுவடி. இத்தன பேருக்குக் காமாலன்னா தீவுல இருக்கிற கீழாநெல்லி பத்தாது."

அய்யாவு அன்றே வேலாயுதத்திடம் ஓடினான். பட்டாளத்துக்காரர்கள் தின்ற அதே மஞ்சள் மாத்திரை அக்டோபர் முதல் வாரத்தில் தோட்டத்துக்கு வந்தது. டப்பா டப்பாவாக வந்தது. வீரம்மா அன்றிலிருந்து தினம் ஒன்று முழுங்கினாள். நவம்பர் கடைசியில் அவள் உள்ளங்கை மஞ்சளாகியது. டிசம்பர் கடைசிக்குள் வீக்கம் வற்றியது, விடியற்கால வலி நின்றது, இடது கை திறந்தது.

வலது கையின் விரல்கள் நிமிரவில்லை.